சுஷிமாவும் நடுகல்லும்

ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களால் புகழ்பெற்றது. அவற்றுள் எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தன் எருமைகளைக் காக்கும் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தியின் பெயரும், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் அதில் உள்ளன. மாண்டவர் யார், எதற்காக மாண்டார் என்பவற்றை அக்கல் சொல்லிவிடுகிறது. எந்தப் போரிடமும் கேட்கத்தக்க கேள்விகள் இவையே. சுஷிமா கடற்போர் இதற்கு விலக்கன்று.

1905 மே 27, 28 ஆகிய நாள்களில், கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் இடைப்பட்ட நீரிணையில் ரஷ்யக் கப்பற்படையை ஜப்பான் அழித்தது. பால்டிக் கடலிலிருந்து புறப்பட்ட அப்படையின் பெருங்கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஏப்ரலில் சிங்கப்பூர் வழியே சென்றன. ஏழு மாதத்திற்கும் மேலான பயணத்தில் நிலக்கரி ஏற்றியே மாலுமிகள் களைத்தனர். அடிப்பகுதியில் பாசி படிந்து கப்பல்களின் வேகமும் குன்றியது. எதிரே நின்ற டோகோவின் படைக்கோ விரைவும் பீரங்கிப் பயிற்சியும் கம்பியில்லாத் தந்தியும் துணை. ரஷ்யர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜப்பானியர் 117 பேர். ‘போரோதினோ’ போர்க்கப்பலில் இருந்த எண்ணூற்றுக்கும் மேற்பட்டோருள் உயிர்பிழைத்தவர் ஒருவரே. கொதிகலன் அறையில் கரி தள்ளியோர் பகைவரைக் கண்ணாலும் கண்டிலர்.

ஆசியாவின் வெற்றி என இந்தியாவில் இச்செய்தி கொண்டாடப்பட்டது. ஐரோப்பியர் வெல்லற்கரியர் என்னும் எண்ணம் தகர்ந்தபோது அடிமை நாட்டார் மகிழ்ந்ததில் பிழையில்லை. ஆயினும் அது விடுதலைப் போரன்று. கொரியாவும் மஞ்சூரியாவும் யாருடைய ஆதிக்கத்தில் இருப்பது என்பதே வழக்கு. கொரியரைக் கேட்டவர் எவருமிலர். அவ்வாண்டு நவம்பரிலேயே கொரியா ஜப்பானின் பாதுகாப்புக்கு உட்பட்ட நாடாக்கப்பட்டது. 1910இல் ஜப்பானுடன் இணைக்கப்பட்டது. கருந்தேவக்கத்தி காத்தது தன் மந்தையை. சுஷிமாவில் இருதரப்பு மாலுமியரும் உயிர்கொடுத்தது பிறர் நிலத்திற்காக.

அவ்வெற்றியால் வலுத்த பேரரசு 1942இல் மலாயாவை முழுமையாகத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. அங்கே இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இருப்புப்பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். ஆசியா ஆசியருக்கே என்னும் முழக்கம் அவர்களைக் காக்கவில்லை. காலராவாலும் காய்ச்சலாலும் பசியாலும் பெருந்தொகையினர் இறந்தனர். அப்பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலோர் புதைந்த இடங்களில் பெயர் சொல்ல ஒரு கல்லும் இல்லை.