விலை இறங்கியது, சீட்டு மாறவில்லை

மதுரையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்தின் காப்புரிமை முடிந்தது. அதுவரை மாத்திரை ஒன்று சுமார் 60 ரூபாய். முடிந்த கையோடு பல நிறுவனங்கள் 10 ரூபாய்க்கும் குறைவாகக் கொண்டுவந்தன. மாதம் 1,800 ரூபாய் செலவு 300 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

ஆனால் மருத்துவர் எழுதிய சீட்டில் விலை கூடிய பிராண்டு இருந்தால், அதே மருந்து மலிவாக என் அலமாரியில் இருந்தாலும் நானாக மாற்றித் தர முடியாது. மருந்து விதிகள் தடுக்கின்றன. மருத்துவர்கள் மருந்தின் மூலப்பெயரையே எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் நிறுத்திவைத்தது.

மலிவு மருந்தின் தரம் பற்றி மருத்துவர்கள் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு. 2025-இல் இருமல் மருந்து குழந்தைகளைப் பலிவாங்கிய நாடு இது. அதற்கு மருந்து ஆய்வாளர்களையும் பரிசோதனைக் கூடங்களையும் பெருக்குங்கள். நோயாளியிடம் ஆறு மடங்கு விலை வாங்குவது தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

அரசு அந்த மூலப்பெயர் விதியைத் தூசி தட்டி எடுக்கட்டும். அதுவரை, "மூலப்பெயரையும் எழுதுங்க டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள்.