தொழுவத்துப் பக்கம்: மழை மாதத்துக்கு ஊறுகாய்ப் புல்



ஜொகூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஒரு பசுவும் நான்கு ஆடுகளும் வைத்திருக்கிறாராம். கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்துக்கொண்டால், வேலை விட்டு வந்து அறுத்துப் போடும் ஈரப்புல்லை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறதாம். பாலும் பாதியாகி விடுகிறதாம். அந்தப் பாலை நம்பித்தான் மகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணம். "என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்.

சிங்கப்பூரில் குடியிருப்பவனுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் தினமும் காய்கறி வாங்கும் தேக்காவே ஒரு காலத்தில் மாட்டு ஊர்தான். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு இரண்டுக்கும் எருமைச் சாலை என்றே பொருள். பெலிலியோஸ் ரோடு 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வியாபாரம் செய்தவரின் பெயர். பிள்ளைப்பேற்றுக்குப் பேர்போன கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் பெயருக்கு எருமைப் பட்டி என்று அர்த்தம். ரோச்சோர் ஆற்றின் தண்ணீரும் கரையோரப் புல்லும்தான் மாடுகளை அங்கே இழுத்தன. இன்று அங்கே புல்லும் இல்லை, மாடும் இல்லை. பொங்கலுக்கு லிம் சூ காங் பக்கத்திலிருந்து மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்தினால், பிள்ளைகள் வரிசையில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். லிம் சூ காங்கில் ஆட்டுப் பண்ணை வைத்தவர்கள்கூட, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த உலர்ந்த குதிரைமசாலை வாங்கிப் போட்டார்கள். உங்கள் லயத்துக்குப் பின்னால் இலவசமாக முளைத்துக் கிடப்பதை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

நம் மழையில் புல்லைக் காயவைத்து வைக்கோலாக்க முடியாது. ஆனால் ஊறப்போடலாம். தமிழ்நாட்டில் இதை ஊறுகாய்ப் புல் என்கிறார்கள். வெள்ளைக்காரர் சைலேஜ் என்பார்கள். காற்றுப் புகாமல் அமுக்கி மூடினால், புல்லில் உள்ள இனிப்பு புளித்து அமிலமாகிறது. அந்தப் புளிப்பே அழுகலைத் தடுக்கிறது. மாங்காய் ஜாடியின் கதைதான்.

ஒரே புல்லாகப் போடாதீர்கள், கலந்து போடுங்கள். ராபர்ட் எலியட் என்றொருவர் மைசூரில் காப்பித் தோட்டம் நடத்தியவர். பிறகு ஸ்காட்லாந்தில் கிளிஃப்டன் பார்க் என்ற தம் நிலத்தில் புல்லோடு தீவனப் பயறும் ஆழமாக வேர்விடும் மூலிகைச் செடிகளும் கலந்து விதைத்து, அதை 1898இல் நூலாகவும் எழுதினார். அந்தச் செடிகளில் ஒன்று சிக்கரி. காப்பித்தூளில் கலக்கிறார்களே, அதேதான். ஆழ வேர் கெட்டியான மண்ணைப் பிளக்கும், அடியில் உள்ள தாதுச் சத்தை மேலே கொண்டுவரும் என்பது அவர் கண்டது.

நமக்குச் சிக்கரி வேண்டாம். நேப்பியர் புல் இருக்கிறது. மரங்களுக்கு இடையே மூடுபயிராகப் படரும் பியூரேரியா, சென்ட்ரோசீமா கொடிகள் இருக்கின்றன (அவை தோட்டத்துச் சொத்து, கேட்டுவிட்டு அறுங்கள்). மலாய்க்காரர்கள் ரும்புட் இஸ்ரேல் என்று சொல்லும் வெள்ளைப் பூச்செடியைத் தோட்டக்காரர்கள் களை என்று திட்டுகிறார்கள். ஆடு அதைத் தேடித் தின்னும். மூன்று பங்கில் இரண்டு பங்கு புல், ஒரு பங்கு கொடியும் செடியும். கொடி மிகுந்தால் புளிக்காது, நாறும். என் முதல் தோம்பு அப்படித்தான் போயிற்று. சத்து அதிகம் என்று பியூரேரியாவையே திணித்தேன். திறந்த அன்று பக்கத்து வீட்டார் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று ஆள் தேடினார்கள்!

ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு நாளில் முற்றும். நீங்கள் புல்லைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். நேப்பியர் வெட்டி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், தண்டு கட்டையாகும் முன் அறுக்க வேண்டும். நிலத்தை ஆறு பாத்தியாகப் பிரித்து வாரம் ஒரு பாத்தி வெட்டினால் சுற்று சரியாக வரும். தரையோடு சிரைக்காமல் ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். கொடிகள் மறுபடி தழைப்பது அந்த அடித்தண்டிலிருந்துதான்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். மேயும் மாடு வேண்டாததை ஒதுக்கிவிடும். பொடியாக நறுக்கிக் கலந்த தீவனத்தில் அதனால் ஒதுக்க முடியாது. ஆகவே பொறுக்குவது உங்கள் கை. உண்ணிச்செடியின் ஒரு கொத்துக்கூட உள்ளே போகக்கூடாது. ஈரலைக் கெடுத்து மஞ்சள் காமாலை கொடுக்கும். மருந்தடித்த வரிசையில் ஒரு புல்லும் அறுக்காதீர்கள். மலேசியாவில் பாராகுவாட் 2020 முதல் தடை செய்யப்பட்டது உண்மைதான்; அதற்காக மற்ற களைக்கொல்லிகள் பால் ஆகிவிடாது. எந்த வரிசைக்கு எப்போது அடித்தார்கள் என்று மண்டோரிடம் கேட்பதில் வெட்கம் என்ன?

பனி காய்ந்தபின் அறுத்து, மாலை வரை கூரைக்கடியில் பரப்பி வாடவிடுங்கள். ஓர் அங்குலத் துண்டாக நறுக்கி ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் இன்னும் வாட வேண்டும். கையைத் திறந்ததும் உருண்டை மெல்ல விரிந்தால் அதுதான் பதம். 200 லிட்டர் பிளாஸ்டிக் தோம்பில் சுமார் 100 கிலோ கொள்ளும். இரசாயனம் இருந்த தோம்பு வேண்டாம். 100 கிலோவுக்கு இரண்டு மூன்று கிலோ கரும்புப் பாகுக் கழிவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளியுங்கள். ஒவ்வொரு அடுக்கையும் ஏறி மிதியுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, கல் வைத்து, நிழலில் விட்டுவிடுங்கள். ஆறு வாரம் தொடாதீர்கள்.

நல்ல ஊறல் மஞ்சள் கலந்த பச்சையாய், புளித்த பழவாசனையோடு இருக்கும். பூஞ்சை பிடித்ததை வீசி எறியுங்கள், முக்கியமாக ஆட்டுக்குக் கொடுக்காதீர்கள். தலை சாய்ந்து வட்டமாகச் சுற்றும் நோய் அதிலிருந்து வரலாம். பசுவுக்கு முதல் நாள் இரண்டு கிலோ கொடுத்து, ஒரு வாரத்தில் பத்து கிலோ வரை கூட்டலாம். பால் கறந்த பிறகே வையுங்கள். முன்னால் வைத்தால் பாலில் வாடை ஏறும். ஒரு பசுவுக்கு ஒரு தோம்பு பத்து நாள் காணும். சகோதரியே, நவம்பர் மழைக்கு நான்கு தோம்பு வேண்டும் என்றால் ஆகஸ்டு மாதமே அரிவாளைத் தீட்டிவிடுங்கள்.

அடுத்த இதழில் கன்றுக்குட்டிக் கழிச்சலைப் பற்றி எழுதுகிறேன்.