கடை பக்கத்துல, வைத்தியம் தூரத்துல

வேலைக்கு ஆள் கிடைக்கலைன்னு நான் எழுதினா போதும், பட்டணத்து நண்பர்கள் ஒரே பதிலைத்தான் சொல்றாங்க. இலவச அரிசியும் நூறு நாள் வேலையும் ஊரைச் சோம்பேறி ஆக்கிடுச்சாம். நல்லா இருக்குங்க உங்க நியாயம்! நூறு நாள் வேலையில நிக்கறது பெரும்பாலும் பொம்பளைங்களும் வயசானவங்களும். நான் தேடறது வரப்பு வெட்ட, மூட்டை தூக்க, நாப்பது வயசு ஆம்பளையை. திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவங்க போக, ஊர்ல மிச்சம் இருக்கறவனுக்குக் காலையில மம்பட்டி பிடிக்கக் கை நடுங்குது. கட்டிங் உள்ளே போனாத்தான் நடுக்கம் நிக்கும். கடை திறக்கறது மதியம் 12 மணிக்கு. அதுக்கு முன்னாடி வேணும்னா கூடுதல் விலைக்கு எங்க கிடைக்கும்னு ஊருக்கே தெரியும், போலீசைத் தவிர.

இதைச் சோம்பேறித்தனம்னு சொல்றவங்க ஒண்ணைத் தெரிஞ்சுக்கணும். வருசக்கணக்கா தினமும் குடிச்ச உடம்பு, திடீர்னு நிறுத்தினா தாங்காது. முதல் ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம். மூணாம் நாள் வாக்கில் சுவத்துல பூச்சி ஊருதும்பான், யாரோ கூப்பிடறாங்கம்பான். வைத்தியம் பார்க்காம விட்டா உயிரே போயிடும்.

எங்க வயல்ல நடவுக்கு வர்ற ஒரு அக்காவோட வீட்டுக்காரர், சாமி சத்தியமா இனிமே தொடமாட்டேன்னு கோயில்ல கயிறு கட்டிக்கிட்டு நிறுத்தினார். மனசு வச்சா நிறுத்தலாம்னு சொல்வீங்களே, அந்த மனசு அவருக்கு இருந்தது. மூணாம் நாள் ராத்திரி பெத்த மகனையே அடையாளம் தெரியாம அருவாளைத் தேடினார். பேய் புடிச்சிருக்குன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல இதுக்கு வைத்தியம் இல்லை, 40 கிலோமீட்டர் போங்கன்னாங்க. மகனைக் காலேஜ்ல சேர்க்க வாங்கி வச்சிருந்த குழுக் கடன், கார் வாடகைக்கும் ஸ்கேனுக்கும் போச்சு. இப்ப அந்தப் பையன் செங்கல் சூளைக்குப் போறான். வாரத் தவணையை அக்கா நடவுக் கூலியில கட்டுது. பொழைச்சு வந்த அவர் பஸ்ஸை விட்டு இறங்கினா எதிர்ல கடை.

அந்தக் கடை எங்க ஊருக்கு வந்த கதை வேற. நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு 2016 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொன்னதும், எடுத்த கடையை எல்லாம் ஊருக்குள்ளயும் வயல்காட்டுக்கும் கொண்டு வந்தாங்க. காரோட்டிகளோட உயிரைக் காப்பாத்த வேண்டியதுதான், வேண்டாம்னு சொல்லலை. அந்தக் கடைகளைத் தூக்கி எங்க தலையில வச்சதைத்தான் கேக்கறேன். மறிச்சு உக்காந்த பொம்பளைங்களுக்கு என்ன கிடைச்சதுன்னு சாமளாபுரத்துல 2017 ஏப்ரல்ல பார்த்தோம். ஒரு போலீஸ் அதிகாரி ஒரு பொம்பளையைக் கன்னத்துல அறைஞ்சதை நீங்களும் டிவியில பார்த்திருப்பீங்க.

வயலுக்குள்ள கிடக்கற பாட்டில் சில்லு வேற. சேத்துல கால் வச்சா சதக்குனு ஏறும். காட்டு விலங்குங்க கால் கிழியுதுன்னு வழக்கு நடந்து, 2022-ல நீலகிரியில காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. யானைக்காவது கேக்க ஆள் இருந்தது.

முழு மதுவிலக்கு கேக்கறியான்னு கேட்டா, அதுல எனக்குச் சந்தேகம் இருக்கு. கடை திறந்திருக்கும்போதே கள்ளக்குறிச்சியில 2024-ல மெத்தனால் கலந்த சாராயம் 60 உயிருக்கு மேல வாங்கிடுச்சு. நான் கேக்கறது அதைவிடச் சின்னது. மது வித்து 2023-24-ல அரசு வாங்கினது 45,000 கோடிக்கு மேல. எங்க அக்காமாருங்க அரிசி பருப்புக்கு வச்சிருந்த காசும் அதுல இருக்கு. கடை வச்சிருக்கற ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல, குடியை நிறுத்த வர்றவனை ஒரு வாரம் படுக்க வச்சுப் பார்க்க ரெண்டு கட்டில், மருந்து, பழகின ஒரு நர்ஸ். இதைக் குடுக்க முடியாதுன்னு சொல்ற அரசாங்கம், சாயந்திரத்துக்குள்ள எந்தக் கடைக்கும் சரக்கு தீராம லாரி அனுப்புதே, அது எப்படிங்க முடியுது?

எங்க விவசாயிங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. அறுப்புக்கு ஆள் பிடிக்கக் கூலியோட குவார்ட்டரும் பேசி முடிக்கறாங்க. அப்புறம் அதே வாயால, ஆளுங்க எல்லாம் கெட்டுப் போயிட்டானுங்கன்னு டீக்கடையில உக்காந்து நியாயம் பேசறாங்க.