கம்பளியும் கருணையும்

போன மாதம் ஊட்டிக்குப் போகும்படி நேர்ந்தது. "குளிர் தாங்க மாட்டீங்க, ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்குங்க" என்று வீட்டில் உத்தரவு. கடைக்காரர் மெத்தென்ற ஒன்றை எடுத்து விரித்து, "அசல் மெரினோ, ஸார்! ஆஸ்திரேலியாக் கம்பளி" என்றார். விலையைக் கேட்டதுமே எனக்கு வியர்த்துவிட்டது!

என் மனைவி அதைத் தடவிப் பார்த்தாள். "பட்டுன்னா புழுவைக் கொல்லணும், தோல்னா மாட்டைக் கொல்லணும். இதிலே அந்தப் பாவம் இல்லை. நமக்கு முடி வெட்டுகிற மாதிரிதானே ஆட்டுக்கும்?" என்றாள். வாங்கிவிட்டோம்.

ஆனால் பத்திரிகைக்காரன் புத்தி சும்மா இருக்குமா? ஊர் திரும்பியதும் விஷயத்தைத் துருவிப் பார்த்தேன்.

அவள் சொன்னதில் பாதி உண்மை. ரோமம் கத்தரிப்பது ஆட்டுக்குத் தீங்கல்ல. கத்தரிக்காமல் விடுவதுதான் தீங்கு. 2015-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பெராவுக்கு அருகே, மந்தையை விட்டுப் பிரிந்து திரிந்த ஓர் ஆடு அகப்பட்டது. பல வருஷங்களாகக் கத்தரி படாத அதன் உடம்பிலிருந்து எடுத்த கம்பளி 41 கிலோ! பாவம், அந்தச் சுமையோடு நடக்கவே திணறிக்கொண்டிருந்தது.

காட்டு ஆட்டுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. பருவம் வந்தால் அதன் ரோமம் தானே உதிர்ந்துவிடும். உதிராத ரோமம் மனிதன் உண்டாக்கியது. அதோடு விட்டானா? தோல் அதிகமானால் கம்பளியும் அதிகமாகும் என்று கணக்குப் போட்டான். 1880-களில் அமெரிக்காவின் வெர்மான்ட் பகுதியிலிருந்து, உடம்பெல்லாம் மடிப்பு மடிப்பாகத் தோல் கொண்ட மெரினோக் கிடாக்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து இனத்தைப் பெருக்கினார்கள்.

மடிப்பு கூடிற்று, கூடவே ஒரு சத்துருவுக்கும் வாசல் திறந்தது. அது ஓர் ஈ! ஆட்டின் வாலைச் சுற்றியுள்ள மடிப்புகளில் மூத்திரமும் புழுக்கையும் படிந்து ஈரம் தங்குகிறது. அங்கே ஈ முட்டையிடுகிறது. ஒரு நாளைக்குள் புழுக்கள் வெளிவந்து, உயிரோடிருக்கும் ஆட்டின் சதையை அரிக்கத் தொடங்குகின்றன. கண்ணுக்கெட்டாத மேய்ச்சல் வெளியில் ஆயிரக்கணக்கான ஆடுகள். யாராவது கவனிப்பதற்குள் ஆடு செத்தே போகலாம்.

இதற்கு ஒரு பரிகாரம் கண்டவர் மியூல்ஸ் என்ற தென் ஆஸ்திரேலியப் பண்ணைக்காரர். 1930-களில் பழக்கத்துக்கு வந்த அவருடைய முறை இதுதான்: ஆட்டுக்குட்டியைத் தொட்டில் போன்ற ஒரு சட்டத்தில் மல்லாத்திப் பிடித்து, வாலின் இரு பக்கத்துத் தோலையும் கத்தரியால் சீவி எடுத்துவிடுவது. புண் ஆறியதும் அந்த இடத்தில் ரோமம் முளைக்காது, ஈ அண்டாது. 'மியூல்ஸிங்' என்று அவர் பெயராலேயே வழங்கும் இந்தக் காரியத்தை, நெடுங்காலம் வலி மருந்து எதுவும் கொடுக்காமலே செய்து வந்தார்கள்.

பண்ணைக்காரர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். புழு அரித்துச் சாகும் ஆட்டைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். 'சில நாள் வலி மேலா, சித்திரவதைச் சாவு மேலா?' என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறதே: அந்த மடிப்பை வைத்தது யார்?

வைத்தவனால் எடுக்கவும் முடியும். மடிப்பில்லாத, பின்புறத்தில் ரோமம் குறைந்த ஆடுகளாகவே பொறுக்கி விருத்தி செய்தால், சில தலைமுறைகளில் அந்தக் கத்தரிக்கு வேலையே இல்லாமல் போகும். சில பண்ணைகள் இதைச் செய்தும் காட்டியிருக்கின்றன. நியூஸிலாந்து 2018 அக்டோபர் 1 முதல் மியூல்ஸிங்கைச் சட்டப்படி தடுத்துவிட்டது. ஆஸ்திரேலியக் கம்பளித் துறையோ, '2010 முடிவதற்குள் கைவிடுகிறோம்' என்று 2004-இல் வாக்குக் கொடுத்தது. 2009-இல் அந்த வாக்கிலிருந்து பின்வாங்கியது. விக்டோரியா மாநிலத்தில் 2020 முதல் வலி மருந்து கட்டாயம். அந்த மட்டில் ஓர் ஆறுதல்.

மீதி வேலை வாங்குகிறவர்கள் கையில் இருக்கிறது. 2016-இல் 'ரெஸ்பான்ஸிபிள் வுல் ஸ்டாண்டர்ட்' என்ற தரச் சான்று ஏற்பட்டது. பண்ணையிலிருந்து ஆடை வரை கம்பளி வந்த வழியைச் சோதித்துக் கொடுக்கும் சான்று இது. மியூல்ஸிங் செய்கிற பண்ணைக்குக் கிடையாது. நம் நாட்டு ஆலைகளும் ஆஸ்திரேலியக் கம்பளி வாங்குகின்றன. ஆகவே நம் குரலும் அங்கே எட்டும்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். என் மனைவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கடைக்காரரைக் கேட்டீங்களா?" என்றாள்.

மறுநாளே போய்க் கேட்டேன். அவர் திருதிருவென்று விழித்தார். "இத்தனை வருஷமா வியாபாரம் பண்றேன். விலை கேட்பாங்க, சாயம் போகுமான்னு கேட்பாங்க. இதை யாரும் கேட்டதில்லையே, ஸார்!"

வாஸ்தவம்தான். இனிமேல் கேட்போமே!