காண விரும்பினால் வழிவிடுவோம்

பேராக் மாநிலத்தின் வடபகுதியில், கெரிக் நகருக்கு அப்பால், மலைகள் சூழ விரிந்து கிடக்கிறது தெமெங்கோர் ஏரி. அணை கட்டியதால் தோன்றிய நீர்த்தேக்கம் இது. இன்று நாம் காணும் தீவுகள் அன்று குன்றுகளின் உச்சிகளாய் இருந்தவை. படகில் செல்லும் நாம் அமைதி காத்தால், பெலும் மழைக்காடு தன் செல்வங்களைக் காட்டும். நம் நாட்டின் 10 வகை இருவாய்ச்சிப் பறவைகளும் இங்கு வாழ்கின்றன.

ஆனால், அங்கு நம்மை இட்டுச் செல்லும் கெரிக்–ஜெலி நெடுஞ்சாலை அவ்வனத்தை ஊடறுத்தே செல்கிறது. 2025-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், அச்சாலையில் லாரி மோதி யானைக்கன்று ஒன்று மாண்டது. தாய் யானையோ அவ்விடத்தை விட்டு அகலாமல் தவித்து நின்றது. அன்று அன்னையர் தினம்!

யானைகள் நம் சாலைக்கு வரவில்லை; அவற்றின் வழியில் நாம்தாம் சாலை அமைத்தோம். வனவிலங்குகளைக் காண விழையும் நாம், முதலில் அவற்றுக்கு வழிவிடக் கற்க வேண்டும். சிறுவர்களாகிய நாம் வண்டி ஓட்டுவதில்லை என்பது உண்மையே. எனினும், எச்சரிக்கைப் பலகையைக் கண்டதும், "அப்பா, மெதுவாகச் செல்லுங்கள்" என்று கூற நம்மால் இயலும். அச்சொல் ஓர் உயிரைக் காக்கும்.