பீற்றரின் நிறமும் கீற்ஸின் மௌனமும்

படநூலுக்கு முதல் ஆசிரியன் ஓவியனே. எழுதுவோன் அவனுக்கு அடுத்தவன். எழுத்தறியாத பாலகன் எழுத்தை நாம் படித்துக் காட்டுமுன்னரே படத்தைப் படித்து முடித்துவிடுகின்றான். ஆதலின், ஒரு நாட்டின் படநூல்களில் எவ்வகை முகங்கள் உள, எவ்வகை முகங்கள் இல என்று ஆராய்வது வீண்வேலை அன்று. இல்லாத முகமும் குழந்தைக்கு ஒரு பாடத்தைக் கற்பித்துக்கொண்டேயிருக்கும். ஐக்கிய அமெரிக்காவிலே நெடுங்காலம் அப்பாடமே நடந்தது. கறுப்பினக் குழந்தை எத்தனை நூல்களைப் புரட்டினும் தன்னைப்போன்ற முகமொன்றைக் காண்பது அரிதாயிருந்தது. கண்டாலும் அது நகைப்புக்கென வரையப்பட்டதாய், ஏவலாளின் உருவாய், ஓர் ஓரத்தே நின்றது.

அந்நிலையை மாற்ற முனைந்த ஓவியருள் எஸ்ரா ஜாக் கீற்ஸ் தலையாயவர். 1962 இல் அவர் எழுதி வரைந்த 'த ஸ்னோவி டே' என்னும் சிறுநூலைப் பற்றிய வழக்கு அறுபது ஆண்டுகள் கடந்தும் முடிந்தபாடில்லை. அவ்வழக்கில் எம் கட்சி யாது என்பதைச் சொல்லவே இதனை எழுதுகின்றோம். நூற்பெயரைத் தமிழாக்கப் புகின் ஒரு சிறு இடர் உண்டு. எமக்குப் பனி என்பது மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்பது. வீதியை மூடிக் குவிந்து கிடப்பதற்கு நாம் வேறு சொல் ஆக்கிக்கொண்டிலம். 'பனிபெய்த நாள்' என்று கொள்வோம்.

கீற்ஸ் கறுப்பினத்தவர் அல்லர். போலந்திலிருந்து குடியேறிய வறிய யூதப் பெற்றோருக்கு 1916 இல் நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிற் பிறந்தவர். இயற்பெயர் ஜேக்கப் எஸ்ரா காற்ஸ். தந்தையார் உணவுச்சாலைப் பரிசாரகர். ஓவியத்தால் வயிறு நிரம்பாது என்று அஞ்சியவர். ஆயினும், பசித்த ஓவியர் ஒரு கோப்பை சூப்புக்கு மாற்றாகத் தந்துபோனவை என்று கதை கட்டி, வர்ணக் குழாய்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். 1935 இல், மகனின் உயர்நிலைப் பள்ளிப் பட்டமளிப்புக்கு முந்திய நாள், அவர் தெருவில் மாரடைப்பால் வீழ்ந்து இறந்தார். உடலை அடையாளங்காட்டச் சென்ற மகன் தந்தையின் பணப்பையைத் திறந்தபோது, தாம் ஓவியப் பரிசுகள் பெற்ற செய்திகளின் பத்திரிகை நறுக்குகள் தேய்ந்த நிலையில் உள்ளே இருக்கக் கண்டார்.

யூதர்க்கு எதிரான வெறுப்பு மிகுந்திருந்த சூழலில், 1947 இல் அவர் தம் பெயரை மாற்றிக்கொண்டார். தம் பெயரை மறைத்துப் பிழைக்கவேண்டியிருந்த ஒருவரே மறைக்கப்பட்ட முகமொன்றை வெளிக்கொணர்ந்தார். இத்தொடர்பு நாமாகக் கற்பிப்பது என்று எவரேனும் கூறின், கூறட்டும்.

1940 மே மாதத்து 'லைஃப்' சஞ்சிகையில் ஜோர்ஜியா மாநிலத்துக் கறுப்பினப் பாலகன் ஒருவனின் நிழற்படங்கள் சில வெளியாயின. இரத்தப் பரிசோதனைக்காக நிற்கின்றான் அவன். அம்முகத்திலும் அவன் நின்ற நிலையிலும் உள்ளம் பறிகொடுத்த கீற்ஸ், படங்களை வெட்டியெடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் போற்றி வைத்திருந்தார். பிறர் எழுதிய நூல்கள் பலவற்றுக்கு அவர் படம் வரைந்த காலம் அது. அவரிடம் வந்த கைப்பிரதி ஒன்றிலேனும் கறுப்பினக் குழந்தை கதைத்தலைவனாய் இருக்கவில்லை. 1960 இல் வேறொருவருடன் சேர்ந்து, ஸ்பானிய மொழி மட்டும் அறிந்த போட்டோ ரிக்கோச் சிறுவன் தன் நாயைத் தேடும் கதையை வெளியிட்டார். அடுத்துத் தாமே தனித்து எழுதியபோது, சுவரில் இருந்த சிறுவன் பீற்றர் ஆனான்.

இவரே இத்துறையில் முதல்வர் என்பார் உளர். அது சரியன்று. 1945 இலேயே ஏர்னஸ்ட் கிரிச்லோ என்னும் கறுப்பின ஓவியர், கறுப்பும் வெள்ளையுமான இரு சிறுவரின் நட்பைக் கூறும் நூலுக்குப் படம் வரைந்திருந்தார். ஆனால் அமெரிக்கப் படநூல்களுக்கான உயர்ந்த பரிசாகிய கால்டெகொற் பதக்கத்தை 1963 இற் பெற்று, நாடெங்குமுள்ள நூல்நிலையங்களுட் கறுப்பினச் சிறுவன் ஒருவனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவர் கீற்ஸ்.

அதற்குமுன் அந்நூல்நிலையங்களில் இருந்தது எது? நம்மருகே பிறந்த நூலொன்றை இங்கு நினைத்தல் வேண்டும். ஹெலன் பானர்மன் என்னும் ஸ்கொத்லாந்துப் பெண்மணி, மருத்துவரான கணவருடன் சென்னை மாகாணத்தில் வாழ்ந்த காலத்தில் தம் பெண்மக்களுக்கென எழுதி வரைந்த 'லிட்டில் பிளாக் சாம்போ' 1899 இல் இலண்டனில் வெளிவந்தது. புலிகள் மரத்தைச் சுற்றிச்சுற்றி ஓடி நெய்யாய் உருகும் கதை. சிறுவன் மூடன் அல்லன், புலிகளை வென்றவன். எனினும் படங்கள் முகத்தைக் கோரமாக்கின. பெயரோ ஏளனப் பெயர். அமெரிக்காவில் வேறு ஓவியர் கைப்பட்டு அக்கோரம் பின்னும் வளர்ந்தது. பள்ளிமுற்றத்திற் கறுப்பினப் பிள்ளையை இழித்தழைக்கும் சொல்லாயிற்று அப்பெயர். கதை நல்லதாயினும் படம் கெடுத்துவிடும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

பீற்றரின் கதையோ மிக எளியது. காலையில் எழுகின்றான், வெளியெங்கும் வெண்பனி, செந்நிற உடையணிந்து இறங்குகின்றான். கால்விரலை உட்புறம் திருப்பி நடந்து சுவடு பார்க்கின்றான். வெளிப்புறம் திருப்பியும் பார்க்கின்றான். கோலொன்றால் மரத்தைத் தட்டத் தலைமேற் பனி வீழ்கின்றது. பெரிய பையன்களின் விளையாட்டிற் சேர வயது போதாது என்பதும் அவனுக்குத் தெரியும். பனியுருண்டை ஒன்றை மறுநாளைக்கென்று சட்டைப்பையிற் சேமிக்கின்றான். படுக்குமுன் தடவினால் பை வெறுமை. உலகத்துப் பனியெல்லாம் உருகிற்றெனக் கனாக்கண்டு விழிக்க, வெளியே புதுப்பனி பெய்கின்றது. அயல்வீட்டுத் தோழனை அழைத்துக்கொண்டு புறப்படுகின்றான். அவ்வளவே. அந்த வெறும் பையின் துயரை அறியாத குழந்தை எந்நாட்டிலும் இல்லை.

வரைந்த முறையும் புதிது. பல நாட்டுக் கடதாசிகளை வெட்டி ஒட்டினார். தாயின் உடைக்கு, அலுமாரித் தட்டில் விரிக்கும் மெழுகுசீலை. பனித்திவலைகளுக்கு, அழிறப்பரிற் செதுக்கிய அச்சு. அறைச்சுவரின் சாம்பல்நிறத்துக்கு, பற்தூரிகையால் தெறித்த இந்திய மை. பள்ளிப்பிள்ளையின் மேசையிற் கிடக்கும் பண்டங்களே பல. இதனைக் கண்ட பிள்ளை தானும் வெட்டி ஒட்டத் தொடங்கும்.

இனி வழக்குக்கு வருவோம். 1965 இல் நான்சி லாரிக் என்னும் கல்வியாளர் 'சற்றர்டே ரிவியூ' சஞ்சிகையிற் கட்டுரையொன்று எழுதினார். படநூலைப் பார்த்திருந்த ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி, இதில் ஏன் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளே என்று கேட்ட கேள்வியே அதன் தொடக்கம். 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்ததில், கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே, நூற்றுக்கு 6.7. அக்கணக்கு இன்றும் நெஞ்சைச் சுடுவது. அதே லாரிக் கீற்ஸையும் விட்டாரில்லை. பீற்றர் கறுப்பினத்தவன் என்று நூலின் எழுத்தில் ஓரிடத்தும் இல்லை என்றார்; தாயின் பருத்த உருவமும் பளிச்சென்ற கட்டமிட்ட மஞ்சள் உடையும் பழைய ஏவற்பெண் சித்திரங்களை நினைவூட்டுகின்றன என்றார். கீற்ஸ் அச்சஞ்சிகையிலேயே மறுப்பெழுதினார்.

முதற் குற்றச்சாட்டை யாம் ஏற்கமாட்டோம். வெள்ளைச் சிறுவன் ஒருவன் பனியில் விளையாடும் கதையில், அவன் வெள்ளையன் என்று எவ்வாசிரியர் எழுதினார்? எழுதாமை அங்கே இயல்பு எனின், இங்கே மட்டும் குறை ஆவது எப்படி? 'பீற்றர் என்னும் கறுப்புச் சிறுவன்' என்று தொடங்கியிருந்தால், முதல் வரியிலேயே அவன் பிறரின் வேறானவன் ஆகியிருப்பான். அகப்பாட்டிலே தலைவனின் பெயரைச் சுட்டாது விடுவது புலவனின் மறதி அன்று என்பது தமிழ் கற்றார்க்குச் சொல்லவேண்டியதில்லை. சொல் மௌனம் காக்க, படம் பேசுகின்றது. கேட்கவேண்டியவர் கேட்டனர். வகுப்பிலுள்ள கறுப்பினப் பிள்ளைகள் அதுவரை தம்மை இளஞ்சிவப்பு வர்ணக்கோலால் வரைந்துவந்தனர் என்றும், இந்நூலின்பின் முதன்முறையாகக் கபிலநிறக் கோலை எடுத்தனர் என்றும் ஆசிரியர் ஒருவர் கீற்ஸுக்கு எழுதினார். கபிலம் என்ற சொல் நூலில் இல்லை.

தாயைப்பற்றிய குற்றச்சாட்டு அவ்வளவு எளிதில் தள்ளத்தக்கது அன்று. படமே முதலிற் பேசும் என்று வாதிக்கும் நாம், படத்தின் சாயல் எதனை நினைவூட்டுகின்றது என்ற கேள்விக்கும் விடைகூறக் கடமைப்பட்டவர். அவள் வீட்டுத்தலைவி, ஈரக் காலுறையைக் கழற்றியபடி மகனின் கதையைக் கேட்கும் தாய். ஆயினும் நூற்றாண்டு வசைச்சித்திரங்களாற் புண்பட்ட கண்கள் அவ்வுருவில் வேறொன்றையும் கண்டிருக்கும். கீற்ஸின் உள்ளம் தூயது என்பது அதற்கு விடை ஆகாது. சாம்போவை வரைந்தவருக்கும் தீய எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லையே.

வெளியே நின்றவர் வரைந்தது போதாது, உள்ளிருப்போரே வரையவேண்டும் என்ற குரலும் நியாயமானதே. 1969 இல் ஜோன் ஸ்டெப்ரோ என்னும் கறுப்பின இளைஞர் 'ஸ்டீவி' என்ற நூலைத் தம் தெருப்பிள்ளைகளின் பேச்சிலேயே எழுதி வரைந்தார். கீற்ஸின் நூலில் இல்லாத குரல் அதில் உண்டு. ஆனால் பரிசளிப்போரின் கணக்கைப் பாருங்கள். கறுப்பினச் சிறுவனை வரைந்த வெள்ளையருக்குப் பதக்கம் 1963 இல். கறுப்பின ஓவியர் ஒருவருக்கு அது முதலிற் கிடைத்தது 1976 இல். லியோ டிலன், மனைவி டயானுடன் சேர்ந்து பெற்றார். தனியொருவராய் ஜெரி பிங்க்னி பெற்றது 2010 இல். நாற்பத்தேழு ஆண்டுகள்! இதற்குக் கீற்ஸைப் பழிப்பது முறையன்று. கதவு அவருக்குத் திறந்ததுபோலப் பிறர்க்குத் திறக்கவில்லை.

அவர் 1983 இல் மறைந்தார். நியூயோர்க் பொது நூலகம் தன் 125 ஆண்டு வரலாற்றில் மிகுதியாக இரவல் கொடுத்த நூல்களின் பட்டியலை 2020 இல் வெளியிட்டபோது, 485,583 முறை வீடுகளுக்குச் சென்று முதலிடத்தில் நின்றது பீற்றரின் பனிநாளே. பீற்றர் வரும் நூல்கள் ஏழு. அவற்றுள் 1967 இல் வந்த 'பீற்றர்ஸ் செயர்' லாரிக்கின் கண்டனத்துக்கு இரண்டாண்டு பிந்தியது. தங்கை பிறந்திருக்கின்றாள், தன் பழைய நீலநாற்காலியை விட்டுக்கொடுக்க மனமின்றிப் பீற்றர் கோபிக்கின்றான், ஈற்றில் தந்தையும் மகனுமாய் அதற்கு இளஞ்சிவப்பு வர்ணம் தீட்டுகின்றனர். தாயைப்பற்றிய வழக்கிலே தீர்ப்புக்கூற விரும்புவோர் இவ்விரு நூல்களையும் அருகருகே விரித்து வைத்துப் பார்ப்பாராக.