திரும்பி வரும் முந்நூறு கிலோமீட்டர்

பெங்களூரில் வேகமான கார்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கத்தான் இடமில்லை. கார்ட்டிங் தடங்கள் நாலைந்து உண்டு. ஆனால் 387 குதிரைத்திறன் கொண்ட பிஎம்டபிள்யூ எம்340ஐ வைத்திருப்பவருக்கோ, 230 குதிரைத்திறன் ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருப்பவருக்கோ அந்தத் தடங்கள் போதாது. அவர் சனிக்கிழமை விடிவதற்குள் ஓசூரைத் தாண்டி, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் டீ குடித்துவிட்டு, வேலூர் வழியாக இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்ச் சேருகிறார். 1990-ல் திறக்கப்பட்டு, இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர் பெற்றிருக்கும் 3.717 கிலோமீட்டர் ஓடுதளம் அங்கே இருக்கிறது. கோவைப் பக்கம் போகிறவர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. எந்தப் பக்கம் போனாலும் முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது.

பந்தய அணிகள் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும். சொந்தக்காரர் அப்படிப் போவதில்லை. அதே காரில் போய், அதைப் பகல் முழுக்கப் பிழிந்தெடுத்துவிட்டு, இரவில் அதே காரில் வீடு திரும்புகிறார். பல சமயம் பின் இருக்கையில் பிள்ளைகளும் இருப்பார்கள். இந்த நகரத்தின் பணிமனைகள் ‘டிராக் டே’க்கு ஒரு காரைத் தயார் செய்யும்போது இந்தத் திரும்பும் பயணத்தைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும் என்பது இவ்விதழின் கருத்து. இப்போது நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஓடுதளத்தில் இரண்டு விநாடி குறைப்பதற்கு எல்லாம் செய்யப்படுகிறது. வீடு வந்து சேர்வதைப் பற்றி யாரும் வேலைச்சீட்டில் எழுதுவதில்லை.

ஒரு சிறு கணக்கு. பதினைந்து நிமிடச் சுற்று ஒன்றில், ஒரு லேப்புக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் ஏழு லேப். அதாவது 26 கிலோமீட்டர். நாளில் நான்கு முறை இறங்கினால் 104 கிலோமீட்டர். போக வர 600. ஆக ஓடோமீட்டரில் எழுநூறு சொச்சம் கூடியிருக்கும். நிறுவனத்தின் சர்வீஸ் புத்தகத்துக்கு அந்த எழுநூறும் ஒன்றுதான். அடுத்த ஆயில் மாற்றத்துக்கு இன்னும் எத்தனையோ ஆயிரம் பாக்கி என்று அது சொல்லும். உண்மையில் டிஸ்கைத் தின்றது, ஆயிலைக் கருக்கியது, டயரின் தோளைக் கிழித்தது எல்லாம் அந்த 104 கிலோமீட்டர்தான். கிலோமீட்டரைப் பார்த்துப் பராமரிக்கும் பழக்கம் இங்கே உதவாது. எத்தனை நிமிடம் முழு வெப்பத்தில் ஓடியது, எத்தனை முறை சூடேறி ஆறியது என்பதே அளவுகோல்.

இது பெங்களூருக்குப் புதிய பாடமும் அல்ல. 1940-ல் இந்துஸ்தான் விமான நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊர் இயந்திரங்களை மணிக்கணக்கில் பராமரித்து வருகிறது. விமான எஞ்சின் எத்தனை கிலோமீட்டர் பறந்தது என்று யாரும் கேட்பதில்லை. பறந்த மணி எத்தனை, ஏறி இறங்கிய தடவை எத்தனை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். கையெழுத்து இல்லாமல் விமானம் கிளம்பாது. அடுகோடியில் மைக்கோ தொழிற்சாலை வளர்த்தெடுத்த பம்ப் மெக்கானிக்குகளும் அதே ஒழுங்கில் பழகியவர்கள். ஜே.சி. ரோட்டிலும் வில்சன் கார்டனிலும் உள்ள பழைய பணிமனைகளில் அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன. கையில் இருக்கும் அந்தப் பழக்கத்தைக் காருக்கும் கொண்டுவருவதுதான் மிச்சமிருக்கும் வேலை.

பிரேக்கிலிருந்து தொடங்க வேண்டும். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள ஒரு கார் 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் இரண்டு மெகாஜூலுக்குச் சற்று மேல். ஆறரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைக்க அது போதும். ஒரே ஒரு முறை மிதிப்பதற்கு இவ்வளவு. லேப்புக்கு இப்படி மூன்று நான்கு முறை, இடையில் ஆறுவதற்குச் சில விநாடிகள். இந்த வெப்பமெல்லாம் டிஸ்கில் ஏறி, பேட் வழியாகக் காலிபரின் பிஸ்டனுக்குப் போய், அங்கிருந்து பிரேக் ஆயிலைத் தொடுகிறது.

டாட் 4 தரத்தின்படி புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. எடையில் நூற்றுக்கு 3.7 பங்கு அளவுக்குத் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். சாலையில் மட்டும் ஓடும் காருக்கு 155-ம் போதும். இருங்காட்டுக்கோட்டையில் மூன்றாவது லேப்பிலேயே அது போதாமல் போகும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானதும் மிதி பஞ்சாகி, தரையைத் தொடும். பந்தயத்துக்கென்று வரும் ஆயில்கள் புதிதாக இருக்கும்போது 300 டிகிரிக்கு மேலும், ஈரம் ஏறிய பின் 200-க்கு அருகிலும் தாங்கும். ஆனால் பெங்களூர் மழைக்காலத்தில் மூடி திறந்தபடி அலமாரியில் மூன்று மாதம் இருந்த பாட்டிலுக்கு இந்த எண்கள் எதுவும் பொருந்தாது. விலையுயர்ந்த ஆயிலை வாங்கி, பாதி ஊற்றி, மீதியை அடுத்த வாடிக்கையாளருக்கு என்று எடுத்து வைப்பது இன்றும் நடக்கிறது. அது திருட்டைவிட மோசமான சிக்கனம். அரை லிட்டர் பாட்டில் வாங்குங்கள், மிச்சத்தைக் கொட்டுங்கள். ஈரம் பார்க்கும் பேனாக் கருவிகளை நம்ப வேண்டாம். ஆயிலைக் கொதிக்கவைத்துப் பார்க்கும் கருவி ஒன்று பணிமனையில் இருக்கட்டும்.

பேட் தேய்ந்து தீர்வதை விடவும் மெலிவது ஆபத்து. பாதிக்குக் கீழே போன பேட் பிடிக்கும். ஆனால் டிஸ்கின் சூட்டைத் தடுக்கும் சுவர் பாதியாகிவிட்டது என்பதால் ஆயில் முன்கூட்டியே கொதிக்கும். சாலையில் இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடக்கூடிய பேட்டை ஓடுதளத்துக்கு மாற்றச் சொன்னால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். பாதிக்கு மேல் இல்லாத பேட்டோடு கார் வாசலைத் தாண்டக் கூடாது. டிஸ்கில் நகம் மாட்டும் விரிசல் இருந்தாலும் அப்படியே. கடைசி லேப்பில் பிரேக்கைத் தொடாமல் மெதுவாகச் சுற்றி வருவதையும், நிறுத்திய பின் ஹேண்ட்பிரேக் இழுக்காமல் கட்டை வைப்பதையும் ஓட்டுபவருக்கு நேரில் நின்று சொல்லிக்கொடுப்பதும் மெக்கானிக்கின் வேலையில் சேர்ந்ததுதான்.

அடுத்து, பெங்களூர்க்காரர்கள் சந்திக்கும் ஒரு விஷயம். இந்த நகரம் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை ஏறத்தாழக் கடல்மட்டத்தில். பெங்களூரில் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. 20 டிகிரி இரவில் டைனோவில் ஏற்றி, இக்னிஷன் டைமிங்கை நாக்கிங்கின் விளிம்பு வரை இழுத்து ட்யூன் செய்த கார், அங்கே 35 டிகிரி மதியத்தில் இறங்குகிறது. சூடான காற்று லேசானது என்றாலும் அழுத்தம் கூடுவதால், அங்குள்ள காற்று இங்கிருப்பதைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு அடர்த்தி அதிகம். டர்போ இல்லாத எஞ்சினுக்குள் காற்றும் கூடுதல், சூடும் கூடுதல். நாக்கிங்குக்கு வேறென்ன வேண்டும்? டர்போ எஞ்சினில் கணினி பூஸ்ட்டைச் சமன் செய்துகொள்ளும். ஆனால் இன்டர்கூலருக்குள் நுழையும் காற்றின் சூட்டைக் கணினியால் குறைக்க முடியாது. போதாக்குறைக்கு முந்நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலைப் பூச்சிகள் அதன் இடுக்குகளை அடைத்திருக்கும். காலையில் ஓடுதளத்துக்குள் நுழையுமுன் இன்டர்கூலரையும் ரேடியேட்டரையும் தண்ணீரால் கழுவப் பத்து நிமிடம் போதும். பலரும் அந்தப் பத்து நிமிடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே பெங்களூரில் ட்யூன் செய்யும் பணிமனைகள் இரண்டு மேப் தர வேண்டும். கீழே போகும் காருக்கு டைமிங்கில் தெளிவான ஒதுக்கம் வைக்க வேண்டும். ஊற்றும் பெட்ரோலும் ட்யூனின் ஒரு பகுதிதான். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்த பின், அதற்கென்றே ட்யூன் செய்த கார்கள் பெருகிவிட்டன. அந்தப் பெட்ரோல் வழியில் எங்கே கிடைக்கும் என்று பார்க்காமல் கிளம்பினால், டாங்கில் சாதாரணப் பெட்ரோலும் கணினியில் 100 ஆக்டேன் மேப்புமாக ஓடுதளத்தில் நிற்க வேண்டிவரும்.

எஞ்சின் ஆயிலைப் பொறுத்தவரை கெடுவது பாதிப் பிரச்சினை. இடம் மாறுவது மீதி. நீண்ட வளைவில் ஒரு ஜி அளவு பக்கவிசை வந்தால், சம்ப்பிலுள்ள ஆயில் முழுதும் ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடும். உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும்; கனெக்டிங் ராடு பேரிங்குகள் இரண்டு விநாடி வறண்டு சுழலும். அந்தக் கணம் எந்தச் சத்தமும் வராது. மூன்று மாதம் கழித்து நைஸ் ரோட்டில் சத்தம் வரும். சம்ப்பில் தடுப்புத் தகடு இல்லாத காருக்கு ஒட்டும் டயர் விற்கக் கூடாது. பிடிப்பு கூடினால் பக்கவிசை கூடும், ஆயில் பட்டினி கூடும். ஆயில் அளவை நிறுவனம் சொன்ன மேல் கோட்டில் வைத்து, இரண்டு மூன்று டிராக் டேக்கு ஒருமுறை மாற்றி, வடிகட்டியைப் பிளந்து மடிப்புகளில் உலோகத்தூள் மின்னுகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களில் பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்திருக்கும். ஆயில் கோலை முகர்ந்தாலே தெரியும். இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டிகளிலும் வெப்பம்தான் எதிரி. கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் வகைகளில் ஆயிலைப் புத்தகம் சொல்வதற்குப் பாதித் தூரத்திலேயே மாற்றிவிடலாம். உலர் கிளட்ச் வகைக்கு அந்த வழியும் கிடையாது. ஓடுதளத்தில் அதற்கு ஓய்வுதான் மருந்து.

போல்ட்டுகளைப் பற்றி ஒரே ஒரு சம்பவம். 2014-ல் போர்ஷே நிறுவனத்தின் புதிய 911 ஜிடி3 கார்கள் இரண்டு ஐரோப்பாவில் தீப்பிடித்தன. கனெக்டிங் ராடின் போல்ட் இணைப்பு தளர்ந்ததே காரணம் என்று கண்டறிந்த நிறுவனம், விற்பனையான 785 கார்களின் எஞ்சினையும் மாற்றித் தந்தது. ஓடுதளத்துக்கென்றும் கார் செய்யும் ஒரு நிறுவனம் ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறது. நம் பணிமனைகளில் வீல் போல்ட்டுகள் இன்னும் காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று முடுக்கப்படுகின்றன. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களுக்கு 120 நியூட்டன் மீட்டர், பெரிய போல்ட் உள்ள பிஎம்டபிள்யூவுக்கு 140. டார்க் ரெஞ்சை ஓட்டுபவரிடமே கொடுத்தனுப்புங்கள். சக்கரம் ஆறிய பின், வீட்டுக்குக் கிளம்புமுன், ஒவ்வொரு போல்ட்டையும் அவர் மறுபடி பார்க்கட்டும்.

அந்த வீட்டுப் பயணத்தில்தான் எல்லா அலட்சியமும் ஒன்று சேர்கிறது. ஓடுதளத்தில் டயர் சூடேறி அழுத்தம் கூடும். பிடிப்புக்காகக் காற்றை இறக்கி 34 பிஎஸ்ஐ-யில் வைப்பார்கள். உள்ளே 65 டிகிரியில் இருந்த அந்தக் காற்று இரவில் ஆறும்போது அழுத்தம் 29-க்கு வந்துவிடும். அந்த 29-ஓடு, நான்கு பேரையும் சாமான்களையும் ஏற்றி, நெடுஞ்சாலையில் நூறில் மூன்று மணி நேரம்! தோள் ஏற்கெனவே கிழிந்த டயர் அது. பந்தய பேட்டோ ஆறிய நிலையில் சரியாகப் பிடிக்காது. ஆம்பூர் அருகே மழையில் குறுக்கே வரும் லாரிக்கு முன்னால் முதல் மிதி வீணாகும். சாலை பேட்டை மாற்றிக்கொண்டு கிளம்புவது நல்லது. ஆனால் ஒரே டிஸ்கில் இரண்டு வகை பேட் போட்டால் ஒன்றின் படிவம் மற்றதைக் கெடுத்து மிதி அதிரும். இரண்டு ஜோடி டிஸ்க், அல்லது இரண்டுக்கும் பொதுவான ஒரு மிதமான பேட். லேப்பில் ஒரு விநாடி போனாலும் இவ்விதழ் இரண்டாவதையே பரிந்துரைக்கிறது.

சட்டத்தையும் காப்பீட்டையும் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுவது பணிமனையின் கடமை. நம் மோட்டார் காப்பீட்டுப் பத்திரங்கள் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் வெளிப்படையாக விலக்குகின்றன. நிறுவனத்தின் மூல வடிவமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. எதை மாற்றினோம், எதை மாற்ற மறுத்தோம் என்பதை எழுதி வைப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

எனவே ஒரு வெப்பப் பதிவேடு. காருக்கு ஒன்று, காரிலேயே இருக்க வேண்டும். தேதி, ஓடுதளம், எத்தனை நிமிடம் ஓடியது, ஆயில் தொட்ட உச்ச வெப்பம், நான்கு பேட்களின் தடிமன் மில்லிமீட்டரில், பிரேக் ஆயில் மாற்றிய நாள், டயரில் பொறித்த வார எண், கிளம்பும்போதும் திரும்பும்போதும் இருந்த காற்றழுத்தம், போல்ட்டைச் சரிபார்த்தவரின் கையெழுத்து. திங்கட்கிழமை காலை கார் பணிமனைக்கு வந்ததும் கழுவுவதற்கு முன்பே சக்கரங்களைக் கழற்றி இந்தப் பக்கத்தை நிரப்ப வேண்டும். கழுவிய பின் கசிவும் தெரியாது, சூட்டில் நிறம் மாறிய காலிபரும் கண்ணில் படாது.

அடுத்த இதழின் நடுப்பக்கத்தில் இந்தப் பதிவேட்டின் மாதிரித் தாள் அச்சாகிறது. கிழித்தெடுத்து நகல் போட்டுக்கொள்ளலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர் இருப்பதால் டிராக் டேக்கள் நெருக்கமாக வரும் காலம் அது. அந்த மூன்று மாதத்தில் நிரப்பிய தாள்களை உரிமையாளர் பெயரையும் வண்டி எண்ணையும் மறைத்து அனுப்பினால், எந்தப் பேட் எத்தனை நிமிடம் தாங்கியது, எந்த ஆயில் எந்த வெப்பத்தில் நீர்த்தது என்பதைத் தொகுத்து மார்ச் இதழில் வெளியிட இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.